பொய் சொல்வது யார்? எந்திரமா, கருவியா?

அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான கூட்டம் இருக்கிறது. வீட்டிலேயே ஆகாய விமானம் செய்யும் கூட்டம்!

பொம்மை விமானம் அல்ல. ஆள் ஏறிப் பறக்கும் நிஜ விமானம். கார் நிறுத்தும் கொட்டகைதான் தொழிற்சாலை. பகலில் ஆபீசுக்குப் போவார்கள். இரவில் தகடு வெட்டுவார்கள், துளை போடுவார்கள், கம்பி இழுப்பார்கள். சிலருக்கு மூன்று வருஷத்தில் வேலை முடியும். சிலருக்குப் பத்து வருஷம் ஆகும். கொட்டகையில் விமானம் வளரும். வீட்டில் பிள்ளைகள் வளர்வார்கள்.

இப்படிப்பட்டவர்களுக்காக 1953-ல் மில்வாக்கி நகரில் பால் போபரெஸ்னி என்பவர் ஒரு சங்கம் தொடங்கினார். 1970 முதல் அந்தச் சங்கத்தின் திருவிழா ஆஷ்காஷ் என்ற ஊரில் நடக்கிறது. ஆயிரக்கணக்கான விமானங்கள் வந்து இறங்கும். நம் ஊர்த் தேர்த் திருவிழாவுக்கு மாட்டு வண்டிகள் வந்து நிற்குமே, அப்படி நிற்கும்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. விமானத்தைச் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் சொந்தமாகச் செய்திருக்க வேண்டும். அரசாங்கம் பார்வையிட்டுச் சீட்டுக் கொடுக்கும். "சோதனை விமானம்" என்று விமானத்தில் எழுதி வைக்க வேண்டும். முதலில் வழக்கமாக 40 மணி நேரம், குறிப்பிட்ட எல்லைக்குள் பறந்து சோதிக்க வேண்டும். அதன் பிறகுதான் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றலாம்.

பெண்டாட்டி பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கார் எந்திரம் பறக்கிறது

விமானத்துக்கு என்றே செய்த எந்திரம் விலை அதிகம். ஆகவே சிலர் கார் எந்திரத்தை எடுத்து விமானத்தில் பூட்டுகிறார்கள். அதிலும் சிலருக்கு ஒரு தனி எந்திரத்தின் மேல் காதல். அதுதான் சுழல் எந்திரம்.

சாதாரண எந்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். சுழல் எந்திரத்தில் பிஸ்டன் கிடையாது. ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் குழவி சுற்றுகிறது அல்லவா? அந்தக் குழவி முக்கோணமாக இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் சுழல் எந்திரம். முக்கோணம் சுற்றும்போது பெட்ரோல் புகை உள்ளே வரும், நசுங்கும், எரியும், வெளியே போகும்.

இதைக் கண்டுபிடித்தவர் பெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர். 1957-ல் அவருடைய எந்திரம் முதலில் ஓடியது. ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்து மஸ்டா கம்பெனி 1967-ல் இதைக் காரில் வைத்து விற்றது. 1991-ல் பிரான்சு நாட்டில் லெமான் என்ற இடத்தில் நடந்த 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் இந்த எந்திரம் வென்றது. 2012-ல் இந்த எந்திரம் பூட்டிய கார்கள் நின்றுபோயின. 2023-ல் மின்சாரக் காருக்கு மின்சாரம் ஊட்டும் சிறு எந்திரமாக மீண்டும் வந்திருக்கிறது.

விமானம் செய்கிறவர்கள் விரும்புவது "13 பி" என்ற வகை. இரண்டு முக்கோணம், ஒரு தண்டு. ஓடும் பாகங்களில் முக்கியமானவை இந்த மூன்றுதான்! வால்வு கிடையாது. அதிர்ச்சி குறைவு. ஆனால் தண்டு நிமிஷத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றும். விமானத்தின் விசிறி அவ்வளவு வேகம் தாங்காது. ஆகவே நடுவில் பல்சக்கரம் வைத்து வேகத்தை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறார்கள்.

இந்த எந்திரத்துக்கு ஒரு எமன் உண்டு. அதன் பெயர் சூடு.

சுற்றுச் சுவர் அலுமினியம். பக்கச் சுவர் இரும்பு. இரண்டுக்கும் நடுவே ரப்பர் வளையங்கள். சூடு மிஞ்சினால் அலுமினியம் ஒரு அளவு விரியும். இரும்பு ஒரு அளவு விரியும். வளையம் கெடும். தண்ணீர் உள்ளே கசியும். முக்கோணத்தைக் குளிர வைப்பதோ எண்ணெய். ஆகவே எண்ணெயின் சூடு எவ்வளவு, தண்ணீரின் சூடு எவ்வளவு என்று விமானிக்கு ஒவ்வொரு நிமிஷமும் தெரிய வேண்டும்.

அதைச் சொல்வதுதான் எந்திரக் கண்காணிப்புக் கருவி. எந்திரத்தில் ஆங்காங்கே உணரிகள் இருக்கும். அவற்றிலிருந்து கம்பிகள் ஒரு பெட்டிக்கு வரும். பெட்டி கணக்குப் போட்டுத் திரையில் எண்ணாகக் காட்டும். அளவு மிஞ்சினால் சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும்.

பெட்டியே பொய் சொன்னால்?

"கருவிதானே கெட்டது?"

விமானம் செய்கிற சிலர் சொல்கிறார்கள்: "எந்திரம் நன்றாக ஓடுகிறது. சத்தம் சரியாக இருக்கிறது. கருவிதானே கோளாறு? இந்த ஞாயிற்றுக்கிழமை பறந்துவிடுவோம். மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்."

கூடாது! கருவி கெட்டால் எந்திரம் கெட்டதாகவே நினைக்க வேண்டும். கோளாறு இன்னது என்று கண்டுபிடிக்கும் வரை விமானம் கொட்டகையை விட்டு வெளியே வரக் கூடாது. இது என் உறுதியான கருத்து.

"அந்தக் காலத்தில் கருவியா இருந்தது? காதால் கேட்டே பறக்கவில்லையா?" என்று கேட்பார்கள். 1903-ல் முதன் முதலில் பறந்த ரைட் சகோதரர்களின் விமானத்திலேயே எந்திரத்தின் சுற்றை எண்ணும் கருவி இருந்தது! காற்றின் வேகத்தை அளக்கும் கருவியும் இருந்தது. அந்த இரண்டு பேரும் காதை மட்டும் நம்பவில்லை.

பெரிய விமானங்களில் நடந்ததைப் பாருங்கள்.

1972 டிசம்பர் 29. மயாமி நகரை நெருங்கியது ஒரு பெரிய விமானம். முன் சக்கரம் இறங்கியதற்கு அடையாளமாக ஒரு பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. சக்கரம் இறங்கித்தான் இருந்தது. பல்புதான் கெட்டுவிட்டது! விமானிகள் அந்தப் பல்பையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். விமானம் மெல்ல மெல்ல இறங்கியதை எவரும் கவனிக்கவில்லை. இருட்டில் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள்.

1982 ஜனவரி 13. வாஷிங்டன் நகரம். பனி கொட்டியது. எந்திரத்தின் பலத்தை அளக்கும் குழாயின் வாயைப் பனிக்கட்டி அடைத்துவிட்டது. "பலம் போதும்" என்று கருவி பொய் சொன்னது. உண்மையில் பலம் போதவில்லை. பக்கத்தில் இருந்த மற்றக் கருவிகள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஏதோ சரியில்லை என்று துணை விமானிக்குப் பட்டது, சொல்லவும் செய்தார். ஆனாலும் விமானம் கிளம்பியது. பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. பாலத்தில் போனவர்கள் உள்பட 78 பேர் மாண்டார்கள்.

ஒன்றில் சின்ன விளக்கு விமானிகளின் கவனத்தைத் திருடியது. இன்னொன்றில் கருவி சொன்ன பொய்யை மெய் என்று நம்பினார்கள். அந்த விமானங்களில் விமானி அறையில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள். வீட்டில் செய்த விமானத்தில் ஒரே ஒருவர்தான். ஓட்டுவதும் அவரே. கருவியைப் பார்ப்பதும் அவரே. பயப்படுவதும் அவரே.

ஒரு விளக்கைப் போட்டால் எந்திரம் சாகுமா?

கருவி எப்படிப் பொய் சொல்லும்? ஒரு உதாரணம் சொல்கிறேன். இது மிகவும் சகஜமான கோளாறு.

விமானம் மாலையில் இறங்க வருகிறது. விமானி முன் விளக்கைப் போடுகிறார். உடனே எண்ணெய்ச் சூடு ஏறுகிறது. தண்ணீர்ச் சூடும் ஏறுகிறது. எண்ணெய் அழுத்தம் குறைகிறது. ஐயோ! எண்ணெய் ஒழுகிவிட்டதா? எந்திரம் நிற்கப் போகிறதா? விமானிக்கு வியர்க்கும்.

எந்திரத்துக்கு ஒன்றும் இல்லை. குற்றவாளி ஒரு திருகாணி!

மின்சாரம் பேட்டரியிலிருந்து புறப்பட்டால் திரும்பப் பேட்டரிக்கு வந்து சேர வேண்டும். திரும்பி வரும் வழியைத் "தரைக் கம்பி" என்பார்கள். இந்த விமானத்தில் கருவிப் பெட்டிக்கும் விளக்குக்கும் ஒரே தரைக் கம்பி. அது மாட்டியிருக்கும் இடத்தில் திருகு தளர்ந்திருக்கிறது. அல்லது துரு ஏறியிருக்கிறது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே சாக்கடை. அதில் அடைப்பு. பக்கத்து வீட்டில் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டால் நம் வீட்டு முற்றத்தில் தண்ணீர் எழும்பும் அல்லவா? அதே கதைதான் இது. 100 வாட் விளக்கு சுமார் 8 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். கெட்ட இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தால் போதும். 0.4 வோல்ட் அங்கே தேங்கும். பெட்டி அதையும் சேர்த்துக் கணக்குப் போடும். சூடு உணரியின் தடை, சூடு ஏற ஏறக் குறையும். அழுத்த உணரிகளில் பல, அழுத்தம் ஏற ஏறத் தடை கூடும்படி செய்யப்பட்டவை. தேங்கிய மின்சாரத்தால் எல்லாத் தடையும் குறைந்தது போலத் தோன்றும். ஆகவே சூடு ஏறியதாகவும், அழுத்தம் இறங்கியதாகவும் பெட்டி உளறும்.

நிஜமாகவே எண்ணெய் போனாலும் இதே மாதிரிதான் காட்டும்! இங்கேதான் ஆபத்து. இன்றைக்கு விளக்கு காரணம் என்று பழகிப்போனவர், நாளைக்கு எண்ணெய் நிஜமாக ஒழுகும்போதும் "விளக்குதான்" என்று இருந்துவிடுவார். புலி வருது, புலி வருது என்று பொய் சொன்ன பையன் கதை தெரியும் அல்லவா?

மெய் எது, பொய் எது?

ஆகாயத்தில் ஆராய்ச்சி வேண்டாம். கருவி பயமுறுத்தினால் அது மெய் என்றே வைத்துக்கொண்டு பக்கத்து விமான நிலையத்தில் இறங்க வேண்டும். ஆராய்ச்சி எல்லாம் தரையில்.

தரைக்கு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்? பலர் உடனே புது உணரி வாங்கி மாட்டுகிறார்கள். நோய் என்ன என்று தெரியாமல் மருந்துக் கடைக்கு ஓடுவது போல! காசுதான் நஷ்டம். கோளாறு அங்கேயே இருக்கும்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரவு முழுவதும் எந்திரத்தை ஆற விடுங்கள். காலையில், எந்திரத்தை ஓட்டாமல், கருவியை மட்டும் போடுங்கள். எண்ணெய், தண்ணீர், புகைக் குழாய் எல்லாமே வெளிக் காற்றின் சூட்டை ஒட்டித்தான் காட்ட வேண்டும். காற்று 20 டிகிரி. எண்ணெய் 45 டிகிரி என்று காட்டினால் கருவி பொய் சொல்கிறது. சந்தேகமே இல்லை. அடுத்து உணரியைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் வையுங்கள். கடல் மட்டத்தில் 100 டிகிரி காட்ட வேண்டும். மலை ஊரில் கொஞ்சம் குறையும்.

எண் எப்படி மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணெய் என்பது அண்டா நிறைய இருக்கும் கனமான பொருள். ஒரு விநாடியில் 90 டிகிரியிலிருந்து 140 டிகிரிக்குத் தாவாது. தாவினால் கம்பிக் கோளாறு. மெதுவாக ஏறினால் பெரும்பாலும் மெய். அழுத்தத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. குழாய் வெடித்தால் அழுத்தம் ஒரே விநாடியில் விழும்.

இன்னொரு விபரீதம் கேளுங்கள். தண்ணீர் முழுவதும் ஒழுகிப் போனால் சூடு ஏறியதாகக் காட்டும் என்றுதானே நினைப்பீர்கள்? சில சமயம் குறைந்தே காட்டும்! உணரியைச் சுற்றித் தண்ணீர் இல்லை. வெறும் ஆவிதான் இருக்கிறது. எந்திரம் வெந்துகொண்டிருக்கும், திரையில் எண் அழகாக இறங்கும். ஆகவே தண்ணீரின் அழுத்தத்துக்கோ மட்டத்துக்கோ தனி உணரி வேண்டும். இது ஆடம்பரம் அல்ல.

அடுத்தது கம்பிகளை ஆட்டிப் பார்ப்பது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். எந்திரத்தின் தீப்பொறி இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். விசிறியின் பக்கம் யாரும் போகக் கூடாது. மகன் உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்க்கட்டும். அப்பா ஒவ்வொரு கம்பியாக மெல்ல ஆட்டட்டும். "அப்பா! எண் குதிக்கிறது!" என்று பையன் கத்துகிற இடத்தில் கோளாறு இருக்கிறது. அதிர்ச்சியில் கம்பி பெரும்பாலும் முனையில், இணைப்பு கவ்விப் பிடித்த இடத்தில்தான் அறும். மேலே உறை நன்றாக இருக்கும். உள்ளே இழைகள் போயிருக்கும்.

புகைக் குழாயின் சூட்டை அளக்க வேறு வகை உணரி. இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனையைச் சேர்த்து வைத்திருப்பார்கள். சூடு பட்டால் துளி மின்சாரம் பிறக்கும். 900 டிகிரிச் சூட்டில்கூட சுமார் 37 மில்லிவோல்ட்தான். டார்ச் விளக்கின் ஒரு செல்லில் உள்ளதில் நாற்பதில் ஒரு பங்கு! இவ்வளவு சின்ன மின்சாரத்தைக் கெடுப்பது சுலபம். கம்பி எட்டவில்லை என்று நடுவில் செம்புக் கம்பியை ஒட்டுப் போட்டால், ஒட்டுப் போட்ட இடத்துச் சூட்டுக்கு ஏற்ப அளவு தப்பும். இரண்டு கம்பியை மாற்றி மாட்டினால் சூடு ஏற ஏற எண் இறங்கும்! இரண்டு குழாய்க்கும் இரண்டு உணரி இருப்பதால் ஒரு வசதி உண்டு. இரண்டையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோளாறு உணரியோடு போனால் உணரி கெட்டது. பழைய எண்ணிலேயே நின்றால் கம்பியோ பெட்டியோ கெட்டது.

தரைக் கம்பியை எப்படிப் பிடிப்பது? வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் கழித்தல் முனையில் வையுங்கள். மறு முனையைப் பெட்டியின் தரைக் கம்பியில் வையுங்கள். விளக்கைப் போடுங்கள். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 0.4 வோல்ட் காட்டினால் திருடன் அகப்பட்டான். திருகைக் கழற்றித் தேய்த்து இறுக்கலாம். அதைவிட மேல், பெட்டிக்குத் தனித் தரைக் கம்பி போடுவது.

ஒன்று கவனம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றிவிட்டு, "சரியாகிவிட்டது" என்று மகிழ்ந்தால், எது சரி செய்தது என்று தெரியாது. பிறகு ஒரு நாள் பறக்கும்போது தெரியும்.

உருளை எத்தனை?

சுழல் எந்திரக்காரர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி ஒன்று உண்டு. கருவிப் பெட்டிகளில் பெரும்பாலானவை பிஸ்டன் எந்திரத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. பெட்டி கேட்கும்: "உருளை எத்தனை?" இந்த எந்திரத்தில் உருளையே இல்லையே! இரண்டு முக்கோணம் இருக்கிறது என்று "2" போட்டால், 6,000 சுற்றை 12,000 என்று காட்டும். "4" என்று போட வேண்டும். ஏனென்றால் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு முறை வெடிக்கிறது. நான்கு உருளை எந்திரத்திலும் அதே கணக்குத்தான்.

புகைச் சூடும் அப்படியே. சுழல் எந்திரத்தின் புகை, பிஸ்டன் எந்திரத்தின் புகையைவிட அதிகம் கொதிக்கும். 900 டிகிரியைத் தொடுவது சாதாரணம். பெட்டியில் பழைய எல்லையை வைத்திருந்தால் பறந்த உடனே மணி அடிக்கும். அடித்துக்கொண்டே இருக்கும். மனிதன் என்ன செய்வான்? மணியை நிறுத்திவிடுவான்! நிறுத்துவது ஒரு விநாடி வேலை. எல்லையைச் சரியாகத் திருத்தி வைக்க ஒரு சாயங்காலம் ஆகும். அந்தச் சாயங்காலத்தைச் செலவிடாதவரின் விமானத்தில் என் பிள்ளையை நான் ஏற்ற மாட்டேன்.

திரையில் அறுபது எண்கள் ஓடுவதை சிலர் பெருமையாகக் காட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பெருமை பிடிபடவில்லை. அறுபது எண்ணும் ஒரே பெட்டியிலிருந்து வருகின்றன. பெட்டி படுத்தால் அறுபதும் படுக்கும். எண்ணெய் அழுத்தத்துக்கு மட்டுமாவது தனி உணரி, தனிக் கம்பி, தனிச் சிவப்பு விளக்கு வைக்க வேண்டும். பெட்டியோடு அதற்கு எந்த உறவும் இருக்கக் கூடாது. பழைய கார்களில் இருந்ததே, அதே விளக்குத்தான். பெட்டியும் விளக்கும் ஒன்றாகச் சொன்னால் மெய். ஒன்று மட்டும் சொன்னால், இறங்கிப் போய்ப் பார்.

வாங்குகிறவர் யார்?

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. வீட்டில் செய்த விமானங்களுக்கு 2011-ல் நேர்ந்த 224 விபத்துகளை ஆராய்ந்தார்கள். எந்திரக் கோளாறும், பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும்தான் பெரும் காரணங்கள். அதில் இன்னொரு செய்தி என்னை உலுக்கியது. விபத்தில் சிக்கிய விமானங்களில் பாதிக்கு மேல், செய்தவர் கையில் இல்லை. விலைக்கு வாங்கியவர் கையில் இருந்தன!

செய்தவருக்கு எந்தக் கம்பி எங்கே போகிறது என்று மனப்பாடம். வாங்கியவருக்கு என்ன தெரியும்? எல்லாமே வெள்ளைக் கம்பி. அடையாளம் இல்லை. படம் இல்லை. முன் விளக்கைப் போட்டால் சூடு ஏறும் என்று செய்தவருக்குத் தெரியும். விற்கும்போது சொல்ல மறந்திருப்பார். வாங்கியவர் தன் மனைவியோடு மாலையில் பறப்பார். விளக்கைப் போடுவார்.

ஆகவே ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் எண் ஒட்ட வேண்டும். எந்த எண் எங்கே போகிறது என்று தாளில் படம் வரைய வேண்டும். கம்பியை மாற்றினால் அன்றைக்கே படத்தையும் மாற்ற வேண்டும். கருவியில் கண்ட கோளாறு, செய்த வேலை, தேதி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். விற்கும்போது சாவியோடு அந்த நோட்டையும் கொடுக்க வேண்டும். வாங்கப் போகிறவர் முதலில் நோட்டைக் கேட்கட்டும். "நோட்டு இல்லை, எல்லாம் என் தலையில் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், எல்லாக் கம்பியையும் புதிதாக இழுக்க என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொண்டு பேசலாம்.